தென் கரோலினாவின் கடலோரம்: நெல்வயலிலிருந்து தொடங்கும் வரலாறு

"சார்ல்ஸ்டன் நகருக்குக் குடும்பத்தோடு ஒரு வாரம் போகிறோம், பழைய மாளிகைகளையும் சம்டர் கோட்டையையும் தவிர, தென் கரோலினாவின் கடலோரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறும் இடங்களும் மரபுகளும் எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் நெல்வயலிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் பார்க்கப்போகும் மாளிகைகளை எழுப்பிய செல்வத்தில் பெரும்பங்கு நெல்லிலிருந்து வந்தது. அந்த நெல்லை விளைவித்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்கள் இன்றும் அந்தக் கடலோரத் தீவுகளில் தங்கள் மொழியோடும் வழிபாட்டோடும் சமையலோடும் வாழ்கிறார்கள். இந்த வரிசையில் பார்த்தால் அந்தக் கடலோரத்தின் ஒவ்வோர் இடமும் இன்னோர் இடத்தை விளக்கும். மாளிகையிலிருந்து தொடங்கினால் அழகான முகப்புகள் மட்டுமே நினைவில் நிற்கும்.

ஆங்கிலேயர் 1670இல் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறினர். பத்தாண்டுகளில் ஆஷ்லிக்கும் கூப்பர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலமுனைக்கு ஊரை மாற்றிக்கொண்டனர். அதுவே இன்றைய சார்ல்ஸ்டன். தொடக்ககாலக் குடியேறிகளில் பலர் பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்கள். கரும்புத் தோட்டத்தின் அடிமைமுறையையும் அதைக் காக்கும் கொடுஞ்சட்டங்களையும் கையோடு கொண்டுவந்தவர்கள். முதலில் மான்தோலும் கால்நடையும் கப்பல்களுக்குப் பூசும் கீலும் ஏற்றுமதியாயின. பழங்குடி மக்களைப் பிடித்துக் கரீபியத் தீவுகளுக்கு விற்கும் வணிகமும் நடந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெல் வேரூன்றியது. 1685 வாக்கில் மடகாஸ்கரிலிருந்து வந்த ஒரு கப்பலின் தலைவர் விதைநெல் கொடுத்துவிட்டுப் போனதாக ஒரு கதை அங்கே நெடுங்காலமாக வழங்குகிறது. விதை எந்தக் கப்பலில் வந்திருந்தாலும், சேற்றில் நெல் விளைவிக்கும் அறிவு இங்கிலாந்திலிருந்து வந்திருக்க வழியில்லை. செனகல், காம்பியா, சியரா லியோன் பகுதிகளின் கடலோர மக்களோ அலையாத்திக் காடுகளுக்கிடையே கரை எழுப்பி, உப்புநீரைத் தடுத்து, பல நூற்றாண்டுகளாக நெல் பயிரிட்டு வந்தவர்கள்.

இதில் வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. தோட்ட முதலாளிகளின் முதலீடும் சோதனை முயற்சிகளுமே நெல் வேளாண்மையை வளர்த்தன, ஆப்பிரிக்கர்களின் பங்கு மிகைப்படுத்தப்படுகிறது என்று ஒரு சாரார் எழுதியிருக்கிறார்கள். ஆற்றோரப் பெருந்தோட்டங்களின் அளவும் அமைப்பும் முதலாளிகளின் பணத்தால் வந்தவை என்பதை ஏற்கலாம். ஆனால் விதை மிதந்து போகாதிருக்கக் களிமண் பூசுவது, குதிகாலால் குழியிட்டு விதையை மூடுவது, மர உரலில் உலக்கையால் குற்றுவது, அகன்ற தட்டுக்கூடையில் புடைத்து உமியைப் போக்குவது ஆகிய அனைத்தும் கடலின் இரு கரைகளிலும் ஒரே வகையாக நடந்தன என்பதை அந்த வாதம் போதுமான அளவு விளக்கவில்லை என்பது என் கருத்து. மேலும், சார்ல்ஸ்டன் வணிகர்களே தங்கள் விளம்பரங்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் 'நெற்கரை'யிலிருந்து வந்த அடிமைகள் என்று குறிப்பிட்டு விற்றார்கள். பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போர்க்காலக் காங்கிரசின் தலைவராகவும் இருந்த ஹென்றி லாரன்ஸ், சியரா லியோனின் பன்ஸ் தீவிலிருந்து வந்த கப்பல்களின் சரக்கை, அதாவது மனிதர்களை, விற்றுத் தரகு பெற்றவர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தக் குடியேற்றத்தில் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களே அதிகம்.

நெல்லின் நுட்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாமல் அந்த நிலத்தைப் பார்த்தால் வெறும் நாணல்காடாகவே தோன்றும். தென் கரோலினாக் கரையில் கடல் ஓதம் நாள்தோறும் இருமுறை ஐந்தடிக்கும் மேலாக ஏறி இறங்குகிறது. ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றின் முகத்துவாரத்தில் நுழைந்து, மேலிருந்து வரும் நன்னீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. உப்பு எட்டாத, ஆனால் ஓதத்தின் ஏற்றம் எட்டுகிற ஒரு குறுகிய பட்டையில் ஆற்றின் இருபுறமும் வயல்களை அமைத்தால், ஏற்றம் இறைக்காமலே நாளுக்கு இருமுறை பாய்ச்சவும் வடிக்கவும் முடியும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வக்கமா, பீடீ, சான்டீ, கூப்பர், கம்பாஹி, சவன்னா ஆறுகளின் கரைகளில் இதைத்தான் செய்தார்கள். சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்புக்காட்டை, பாம்புக்கும் முதலைக்கும் நடுவே இடுப்பளவு சேற்றில் நின்று, மண்வெட்டியும் கோடரியும் கொண்டே அடிமைகள் அழித்தார்கள். மைல் கணக்கில் கரைகளையும் வாய்க்கால்களையும் வெட்டினார்கள். கரைக்குக் குறுக்கே மரத்தாலான மதகுப் பெட்டி ஒன்றைப் பதித்து, அதன் இரு முனைகளிலும் தொங்கும் கதவுகளை வைத்தார்கள். ஆற்றுப்பக்கக் கதவைத் தூக்கிவிட்டால், ஏறும் ஓதம் உட்கதவைத் தள்ளித் திறந்து வயலை நிரப்பும். ஓதம் வற்றத் தொடங்கியதும் வயல்நீரின் அழுத்தமே அந்த உட்கதவைச் சாத்திக்கொள்ளும். வடிப்பதற்கு இதையே மாற்றிச் செய்தால் போதும். முளைக்க ஒரு பாய்ச்சல், களையை மூழ்கடிக்க ஒரு பாய்ச்சல், கதிர் முற்றும்போது தாளைத் தாங்கிநிற்க ஒரு நீண்ட பாய்ச்சல் என்று பருவம் பார்த்து நீரை ஏற்றி இறக்கும் பொறுப்பு, மதகைக் காத்த ஓர் அடிமையின் கையில் இருந்தது. ஒரு கதவு பிசகி உப்புநீர் புகுந்தால் அந்த ஆண்டின் விளைச்சலே போய்விடும்.

இந்த நுட்பத்தால் வந்த செல்வம் அளவற்றது. 1840 வாக்கில் ஜார்ஜ்டவுன் பகுதி மட்டுமே அமெரிக்க நெல் விளைச்சலில் ஏறத்தாழப் பாதியைத் தந்தது. அங்கே ப்ரூக்கிரீன் உள்ளிட்ட தோட்டங்களுக்கு உரிமையாளராயிருந்த ஜோஷுவா ஜான் வார்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். ப்ரூக்கிரீன் 1931 முதல் ஒரு சிற்பப் பூங்கா. சிற்பங்கள் சிறப்பானவை, ஆனால் பழைய நெல்வயல் பக்கமாகவும் அவசியம் நடந்து வாருங்கள். ஜார்ஜ்டவுன் ஊரின் மணிக்கூண்டுக் கட்டடத்தில் நெல் அருங்காட்சியகம் இருக்கிறது. சார்ல்ஸ்டனுக்கு அருகில் வேண்டுமென்றால் ராவெனலில் உள்ள காகா பூங்காவுக்குப் போங்கள். பழைய வரப்புகளின் மேல் நடந்து, மதகுகள் எப்படி இயங்கின என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இடம் அது; குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

நெல்லுக்கு அடுத்தது நீலச் சாயம் தரும் அவுரி. 1740களில் எலைசா லூகாஸ் என்ற இளம்பெண், தந்தையின் தோட்டங்களை நிர்வகித்தபோது அவுரிச் சாயத்தை வணிகப் பயிராக்கினார். இதிலும் சாயம் எடுக்கும் வேலையையும் அதன் நாற்றத்தையும் தாங்கியவர்கள் அடிமைகளே. அமெரிக்கா விடுதலை பெற்றதும் பிரிட்டனின் ஊக்கத்தொகை நின்றுபோக, ஆங்கிலேயர் அவுரிக்காக வங்காளத்தை நாடினர். அங்கே உழவர்கள் பட்டபாடு வேறொரு கதை. தென் கரோலினாவில் அந்த நீலம் இன்றும் வீட்டுத் திண்ணையின் மேற்கூரையிலும் சாளரச் சட்டங்களிலும் இருக்கிறது. தீய ஆவிகள் அண்டாதிருக்க அந்த வெளிர்நீலத்தைப் பூசுவது கல்லா மக்களின் வழக்கம்.

சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் உள்ள சல்லிவன் தீவுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வட அமெரிக்க நிலப்பரப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் இந்தத் துறைமுகத்தின் வழியாகவே வந்தார்கள் என்று கணிக்கப்படுகிறது. அவர்களில் பலர் நோய்த்தடுப்புக்காக முதலில் இந்தத் தீவில் அடைத்து வைக்கப்பட்டார்கள். இந்த நினைவுக்கென்று வழியோரத்தில் ஓர் இருக்கைகூட இல்லையே என்று எழுத்தாளர் டோனி மாரிசன் 1989இல் வருந்திச் சொன்னார். 2008இல் அவர் முன்னிலையில் இங்கே ஓர் எளிய இரும்பு இருக்கை வைக்கப்பட்டது. அதே தீவில்தான் மௌல்ட்ரி கோட்டையும் உள்ளது. 1776 ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் குண்டுகளை, பால்மெட்டோ பனைத்தடிகளால் கட்டிய சுவர் உடையாமல் உள்வாங்கிக்கொண்டது. அதனால்தான் மாநிலக் கொடியில் அந்த மரம் நிற்கிறது. விடுதலைக்குப் போரிட்ட கோட்டையும் விடுதலை பறிக்கப்பட்டவர்கள் இறங்கிய கரையும் ஒரே மணற்தீவில் இருப்பதை வழிகாட்டிகள் எல்லோரும் சேர்த்துச் சொல்வதில்லை. நீங்கள் சேர்த்துப் பாருங்கள். நகரத்துக்குள், அடிமைக் கப்பல்கள் அணைந்த கேட்ஸ்டன் துறையின் மேல் 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது. அந்த மண்ணைத் தொடாமல் இருக்கும்படி, கட்டடம் முழுவதையும் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

எதிர்ப்பும் இந்த நிலத்தில் தொடக்கம் முதலே இருந்தது. 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோனோ ஆற்றங்கரையில் ஏறத்தாழ இருபது அடிமைகள் ஒரு கடையின் துப்பாக்கிகளைக் கைப்பற்றி, முரசு கொட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள். ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த புளோரிடாவை அடைந்தால் விடுதலை கிடைக்கும் என்பது அவர்கள் கேள்விப்பட்ட செய்தி. வழியில் பலர் சேர்ந்தார்கள். அன்றே படை அவர்களை மறித்தது. மறு ஆண்டு வந்த சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதையும், அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருப்பதையும் தடைசெய்தது. முரசு பறிபோன இடத்தில் கைத்தட்டும் காலடியும் தரையில் இடிக்கும் கோலும் தாளமாயின. வட்டமாக, இடஞ்சுழியாக, காலைக் குறுக்கே வைக்காமல் நகர்ந்து பாடும் அந்த வழிபாடு இன்றும் வாழ்கிறது. தெற்கே பியூஃபர்ட் ஊரை ஒட்டிய செயின்ட் ஹெலீனா தீவில் சாலையோரமாக ஓர் அறை மட்டுமே கொண்ட மரவீடுகள் சிலவற்றைக் காண்பீர்கள். அவை அடிமைக்காலத்திலிருந்து வந்த சிறு வழிபாட்டு இல்லங்களின் மரபைச் சேர்ந்தவை. வழிபாட்டோடு ஊர்ப்பூசல்களைத் தீர்க்கும் மன்றமாகவும் அவை இருந்தன.

கல்லா மொழி தனித்து வளர்ந்ததற்கு நெல்வயலின் கொசுவும் ஒரு காரணம். மலேரியாவுக்கு அஞ்சி முதலாளிகள் மே முதல் முதல் உறைபனி வரை தோட்டங்களை விட்டு நகரத்துக்குப் போய்விடுவார்கள். ஆப்பிரிக்கர்களில் பலருக்கு அந்தக் காய்ச்சலைத் தாங்கும் மரபுவழித் திறன் ஓரளவு இருந்தது. இருந்தாலும் குழந்தைகள் பெருமளவில் இறந்தார்கள். வேலையும் நேரக்கணக்கில் இல்லாமல், நாளுக்குக் கால் ஏக்கர் என்பதுபோல் அளவுக்கணக்கில் தரப்பட்டது. அளவை முடித்தவர்கள் எஞ்சிய பொழுதில் தங்கள் கொல்லையைப் பார்த்தார்கள், மீன் பிடித்தார்கள், வலை பின்னினார்கள், கூடை முடைந்தார்கள். வெவ்வேறு ஆப்பிரிக்க மொழிகளைப் பேசியவர்கள் ஆங்கிலச் சொற்களை எடுத்துத் தங்கள் இலக்கணப் போக்கில் பேசிய மொழி இப்படி உருவாயிற்று. நெடுங்காலம் அதைச் சிதைந்த ஆங்கிலம் என்று இகழ்ந்தார்கள். 1930களில் தொடங்கி லொரென்சோ டோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் தீவுதீவாகச் சென்று பதிவுசெய்து, ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கப் பெயர்களும் சொற்களும் அதில் உயிரோடு இருப்பதை நிறுவினார். 1988இல் சியரா லியோன் அதிபர் ஜோசப் மோமோ செயின்ட் ஹெலீனா தீவுக்கு வந்தார். அவர் நாட்டின் கிரியோ மொழிக்கும் கல்லாவுக்கும் உள்ள நெருக்கம் அங்கே நேரில் கேட்கக் கிடைத்தது.

சார்ல்ஸ்டன் நகரைப் பொறுத்தவரை, நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குறுகிய பக்கம் தெருவைப் பார்க்க, நீண்ட பக்கம் முழுவதும் காற்றுவாங்கும் தாழ்வாரமாக நிற்கும் ஒற்றையறை அகல வீடுகள் இந்த நகரத்தின் தனிவடிவம். பழைய சுவர்களில் தெரியும் இரும்பு வில்லைகள் 1886 ஆகஸ்ட் 31 நிலநடுக்கத்துக்குப் பின் சுவர்களை இழுத்துப்பிடிக்கச் செருகிய கம்பிகளின் முனைகள். சில செங்கற்களில் அவற்றைச் செய்த அடிமைகளின் விரல்தடங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் சிறுவர்களின் விரல்களும் உண்டு. தெருக்களில் காணும் இரும்புக் கதவுகளில் பலவும் பிலிப் சிம்மன்ஸ் (1912–2009) என்ற கறுப்பினக் கொல்லரின் கைவேலை. பழமையைக் காக்க 1931இலேயே நகராட்சி சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அத்தகைய முதல் சட்டம் அதுவே. கால்ஹூன் தெருவில் உள்ள இமானுவேல் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். 1822இல் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றஞ்சாட்டித் தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வீசி இந்தச் சபையைச் சேர்ந்தவர். அப்போதிருந்த ஆலயம் இடிக்கப்பட்டது. இன்றைய கட்டடம் 1891ஐச் சேர்ந்தது. 2015 ஜூன் 17 அன்று விவிலிய வகுப்பில் அமர்ந்திருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் இங்கேதான் சுட்டுக் கொன்றான்.

சம்டர் கோட்டையில் 1861 ஏப்ரல் 12 அன்று, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களுக்கும் வடதரப்புக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் தொடங்கியதை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோட்டையைப் படகிலிருந்து பார்க்கும்போது ராபர்ட் ஸ்மால்சையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1862 மே 13 விடியற்காலையில், 'பிளான்டர்' என்ற தென்தரப்புக் கப்பலின் சுக்கானைப் பிடித்த இந்த இருபத்துமூன்று வயது அடிமை, தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்துகொண்டு, சரியான ஊதல் சைகையைக் கொடுத்துக் கோட்டையைக் கடந்து, தம் குடும்பத்தையும் உடனிருந்தவர்களையும் வடதரப்புக் கடற்படையிடம் விடுதலைக்குக் கொண்டுசேர்த்தார். போருக்குப் பின் அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினரானார். பியூஃபர்ட் ஊரில் எந்த எசமானரின் வீட்டில் அடிமையாகப் பிறந்தாரோ, அந்த வீட்டையே விலைக்கு வாங்கி வாழ்ந்தார். பிரின்ஸ் தெருவில் அந்த வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம்.

பியூஃபர்ட்டும் செயின்ட் ஹெலீனா தீவும் சார்ல்ஸ்டனிலிருந்து சுமார் 70 மைல். என்னைக் கேட்டால் உங்கள் பயணத்தின் மிக முக்கியமான நாள் அதுதான். 1861 நவம்பர் 7 அன்று வடதரப்புக் கடற்படை போர்ட் ராயல் கோட்டைகளைத் தகர்த்ததும் முதலாளிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். அடிமைகளோ ஊரிலேயே நின்றார்கள். மறு ஆண்டே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர்களுக்கென்று பென் பள்ளி தொடங்கப்பட்டது. அடிமைகளே கட்டியும், அவர்கள் மாடத்தில் மட்டுமே உட்கார அனுமதிக்கப்பட்டிருந்த 1855ஆம் ஆண்டின் செங்கல் தேவாலயம் அந்தப் பள்ளியின் தொடக்ககால வகுப்பறையாயிற்று. 1863 ஜனவரி 1 அன்று போர்ட் ராயலின் ஓக் மரங்களின் கீழ் அடிமைகளுக்கான விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 2 அன்று முன்னாள் அடிமையான ஹாரியட் டப்மனின் வழிகாட்டலில் கறுப்பினப் படைவீரர்கள் கம்பாஹி ஆற்றில் ஏறி, நெல்வயல்களில் வேலை செய்துகொண்டிருந்த எழுநூறுக்கும் மேற்பட்டோரைப் படகில் ஏற்றி மீட்டார்கள். பென் பள்ளி பின்னாளில் பென் மையமானது. 1960களில் மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் அமைதியாகக் கூடித் திட்டமிட இடம் தந்தது. சார்ல்ஸ்டனை ஒட்டிய ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் தொடங்கிய முதல் குடியுரிமைப் பள்ளியும் இதே தொடரைச் சேர்ந்தது. ஈசா ஜென்கின்ஸ், செப்டிமா கிளார்க் ஆகியோரின் முயற்சியால், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், வாக்காளராகப் பதிவதற்கான எழுத்தறிவுத் தேர்வில் தேறுவதற்காக முதியவர்கள் எழுத்துக் கற்றார்கள்.

விடுதலைக்குப் பின் நெல் மெல்ல மறைந்தது. சேற்று வேலைக்குத் திரும்ப யாரும் விரும்பவில்லை. லூசியானாவிலும் ஆர்கன்சாவிலும் இயந்திர வேளாண்மை வளர்ந்தது. 1893, 1911 ஆண்டுகளின் சூறாவளிகள் கரைகளை உடைத்தன. 'கரோலினா பொன்' என்ற புகழ்பெற்ற நெல்வகையை 1980களில் சவன்னா நகரின் கண் மருத்துவர் ஒருவர், தம் நிலத்துக்குக் காட்டு வாத்துகளை ஈர்ப்பதற்காக, அரசு விதைக் காப்பகத்திலிருந்து பெற்று விதைத்தார். அங்கிருந்து அது உணவகங்களுக்குத் திரும்பியது. வீட்டுச் சமையலில் சோறு ஒருபோதும் போகவில்லை. தக்காளியில் வெந்த செஞ்சோறு, வெண்டைக்காய்ச் சாறு, எள் பிஸ்கட், புத்தாண்டு நாளில் செம்பயறு சேர்த்து ஆக்கும் சோறும் கீரையும் ஆகியவற்றை வீட்டுச் சுவையில் பரிமாறும் சிறு உணவகங்கள் பியூஃபர்ட் வழியில் இருக்கின்றன.

விடுதலையானவர்கள் வாங்கிய நிலம் இன்று ஆபத்தில் இருக்கிறது. பலர் உயில் எழுதாமல் இறந்ததால் அந்நிலம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் பொதுவான பங்காளிச் சொத்தாகவே நின்றது. எங்கோ வாழும் ஒரு பங்காளியிடம் ஒரு சிறு பங்கை வாங்கிவிட்டு, நீதிமன்றத்தின் வழியாக முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவது நில வணிகர்களின் வழக்கமாயிற்று. 1956இல் பாலம் வந்தபின் ஹில்டன் ஹெட் தீவு கோல்ஃப் திடல்களாகவும் வேலியிட்ட குடியிருப்புகளாகவும் மாறியது இந்தப் போக்கில்தான். 2016இல் தென் கரோலினா இதற்கு ஓரளவு கடிவாளமிடும் சட்டத்தை இயற்றியது. இமானுவேல் ஆலயத்தில் கொல்லப்பட்ட போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. செயின்ட் ஹெலீனா தீவில் கோல்ஃப் திடலும் வேலியிட்ட குடியிருப்பும் கூடாது என்று உள்ளூர் விதி இருக்கிறது. அந்தத் தீவின் வயல்களும் ஓக் மரச் சாலைகளும் இன்னும் மிஞ்சியிருப்பது அதனால்தான்.

கடைசியாக, கூடைகள். நெல் புடைக்க ஆண்கள் கோரையால் முடைந்த அகன்ற தட்டுக்கூடையின் வழிவந்ததே இன்றைய இனிப்புப்புல் கூடை. புல்லையும் பைன் ஊசியிலையையும் சுருளாகச் சுற்றி, பால்மெட்டோ ஓலைக்கீற்றால் தைக்கிறார்கள். கருவி பெரும்பாலும் கைப்பிடியைத் தேய்த்துக் கூராக்கிய கரண்டி. 1929இல் கூப்பர் ஆற்றுப் பாலம் திறந்து வண்டிகள் வரத் தொடங்கியபின், மவுண்ட் பிளசன்ட் ஊரின் 17ஆம் நெடுஞ்சாலையோரத்தில் பெண்கள் பந்தலிட்டு விற்கலானார்கள். அவ்வூர்க் கலைஞர் மேரி ஜாக்சனுக்கு 2008இல் படைப்பாளிகளுக்கான மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. புல் வளர்ந்த கடலோரத் திட்டுகள் வீடுகளாகிவிட்டதால், இப்போது புல்லுக்கே நெடுந்தொலைவு போகிறார்கள். சிறிய கூடைக்கே விலை அதிகமாகத் தோன்றும்; பல நாள் உழைப்பு அதில் இருப்பதால் பேரம் பேசாதீர்கள். நகரச் சந்தையைவிட நெடுஞ்சாலைப் பந்தல்களில் முடைந்தவரிடமே வாங்குவது நல்லது. தையலின் வகைகளையும் யாரிடம் கற்றார் என்பதையும் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள். ஆகஸ்டும் செப்டம்பரும் சூறாவளிக் காலம், கொசுவும் அதிகம். நவம்பரில் போக முடிந்தால், பென் மையத்தின் மரபு விழா நாட்களோடு உங்கள் தேதிகளைப் பொருத்திக்கொள்ளுங்கள்.